அச்சில் வந்த கதைகளை மின்னூலாக்கி வாசகரிடம் சேர்ப்பது: முழுமையான வழிகாட்டி

பத்திரிகைகளில் வந்த சிறுகதைகளையோ, பதிப்பு தீர்ந்து கடைகளில் கிடைக்காமற்போன நாவலையோ மின்னூலாக்க விரும்பும் எழுத்தாளர் பெரும்பாலும் வேலையைக் கடைசியிலிருந்து தொடங்குகிறார். முதலில் முகநூலில் அறிவிப்பு வருகிறது. அடுத்து அட்டைப்படம் வருகிறது. அதன் பிறகே கோப்பைத் தேடுகிறார். திறந்தால் எழுத்துகள் உடைந்து கிடக்கின்றன. இதற்கிடையில் பழைய பதிப்பாளர் தொலைபேசியில் அழைத்து விளக்கம் கேட்கிறார். புதிதாக இதில் இறங்கிய பலருடன் உட்கார்ந்து வேலை பார்த்ததில் தெரிந்தது இதுதான்: தனித்தனியே பார்த்தால் எந்தப் படியும் கடினமில்லை, வரிசை மாறும்போதுதான் சிக்கல் வருகிறது.

கீழே உள்ள வழிமுறை, கே.டி.பி. எனப்படும் அமேசானின் கிண்டில் நேரடி வெளியீட்டுச் சேவையை முன்வைத்து எழுதப்பட்டது. வேறு தளத்தைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கும் முதல் ஐந்து படிகள் பெரும்பாலும் பொருந்தும்.

1. தொடங்கும் முன் ஒரு பட்டியல்

ஒவ்வொரு படைப்புக்கும் ஒரு வரி எழுதிக்கொள்ள வேண்டும்: தலைப்பு, வெளிவந்த இதழும் மாதமும், கோப்பின் பெயர், தட்டச்சு செய்யப் பயன்பட்ட எழுத்துரு, இணையத்தில் அது ஏற்கெனவே எங்கெல்லாம் இடப்பட்டிருக்கிறது என்ற விவரம். கடைசி இரண்டு விவரங்களைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். எழுத்துருவின் பெயர் தெரியாவிட்டால் மூன்றாவது படியில் வேலை நின்றுவிடும். இணையத்தில் கிடக்கும் பிரதிகளை மறந்துவிட்டால் ஏழாவது படியில் விதிமீறலாகிவிடும்.

பதிப்பாளருடன் செய்துகொண்ட ஒப்பந்தங்கள், பான் அட்டை, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றையும் எடுத்து வைக்கவும். படைப்பு நூலாக வந்திருந்தால், அதை வடிவமைத்த டி.டி.பி. செய்தவரிடம் கடைசிக் கோப்பைக் கேட்டுப் பெறுவது அவசியம். மெய்ப்புத் திருத்தங்கள் பெரும்பாலும் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் நேரடியாகச் செய்யப்பட்டிருக்கும் என்பதால், எழுத்தாளரின் கணினியில் இருப்பது திருத்தப்படாத படியாகவே இருக்க வாய்ப்பு அதிகம்.

2. உரிமை யாரிடம் இருக்கிறது என்று உறுதிசெய்தல்

‘என் கதைதானே’ என்ற நம்பிக்கை பாதிதான் சரி. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி, ஊழியராக இல்லாமல் வெளியிலிருந்து இதழுக்கு எழுதியவரே, வேறு உடன்படிக்கை இல்லாத நிலையில், தம் படைப்பின் முதல் உரிமையாளர். இதழின் ஊழியராக இருந்து பணியின் பகுதியாக எழுதியிருந்தால், இதழில் வெளியிடும் உரிமை நிறுவனத்துக்கும் மற்றவை எழுதியவருக்கும் போகும். இதுவும் வேறு உடன்படிக்கை இல்லாதபோது மட்டுமே.

நூலாக வந்தவற்றுக்கு ஒப்பந்தத்தைப் படித்தே தீர வேண்டும். மின்னூல் உரிமை அதில் குறிப்பிடப்பட்டிருக்கிறதா, எத்தனை ஆண்டுகளுக்கு, எந்த நாடுகளுக்கு என்ற மூன்றையும் பார்க்கவும். உரிமையை மாற்றிக் கொடுத்த ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் அது 5 ஆண்டுகள் என்றும், நிலப்பரப்பு குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் கொள்கிறது. ஒப்பந்தம் எழுதப்பட்ட காலத்தில் இல்லாத ஒரு ஊடகத்துக்கு, அதை வெளிப்படையாகக் குறிப்பிட்டிருந்தாலொழிய, உரிமை மாற்றம் பொருந்தாது என்று 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்தது. அதற்கு முந்தைய ஒப்பந்தமானால் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிடுவது நல்லது.

உரிமை தம்மிடமே இருப்பது தெளிவாகத் தெரிந்தாலும், ‘இந்நூலின் மின்னூல் உரிமை என்னிடம் உள்ளதை உறுதிசெய்து பதில் எழுதவும்’ என்று பதிப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பதிலைப் பத்திரப்படுத்த வேண்டும். ஏற்கெனவே இணையத்தில் கிடைக்கும் எழுத்தைப் பதிவேற்றினால் கே.டி.பி. உரிமைக்கான சான்றைக் கேட்பதுண்டு. அந்த நேரத்தில் கைகொடுப்பது இந்த ஒரு வரிப் பதில்தான்.

அச்சு நூலின் அட்டை ஓவியம் ஓவியருடையதாகவோ, பணம் கொடுத்து வரைவித்த பதிப்பாளருடையதாகவோ இருக்கும்; அணிந்துரை அதை எழுதியவருடையது. இரண்டையும் கேட்காமல் எடுத்தாளக் கூடாது. கதைக்குள் திரைப்பாடல் வரிகள் முழுப் பல்லவியாக வந்திருந்தால், அனுமதி பெறுவதைவிட அந்த இடத்தை மாற்றி எழுதிவிடுவது எளிது.

3. பழைய எழுத்துருவிலிருந்து ஒருங்குறிக்கு

அதிக நேரம் பிடிப்பதும், அவசரப்பட்டால் நூலையே கெடுத்துவிடுவதும் இந்தப் படிதான். பாமினி, வானவில், ஸ்ரீலிபி, டாப், டிஸ்கி போன்ற பழைய முறைகளில் தட்டச்சு செய்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கருவியில் ஆங்கிலக் குறிகளின் குவியலாகவே தெரியும். மின்னூல் செயலிகளும் தேடுபொறிகளும் புரிந்துகொள்வது யூனிகோட் எனப்படும் ஒருங்குறியை மட்டுமே. என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. கோப்பு எந்த எழுத்துருவில் உள்ளது என்பதைச் சரியாகச் சொன்னால் மாற்றம் நொடியில் முடிந்துவிடும். அதன் பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது.

முதலில் ஆங்கிலச் சொற்கள். பழைய கோப்பில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் உள்ள வேறுபாடு எழுத்துருவின் பெயரில் மட்டுமே இருப்பதால், மாற்றி ஆங்கிலச் சொற்களையும் தமிழாக்கிப் பொருளற்ற எழுத்துக்கோவையாக்கிவிடும். மாற்றுவதற்கு முன்பே ஆங்கிலச் சொற்கள் வரும் இடங்களைத் தனியே குறித்துக்கொள்ளவும். மேற்கோள் குறிகளும் பல எழுத்துருக்களில் வேறு எழுத்துகளாக மாறிவிடும்.

அடுத்தது ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் குறிகள். பழைய முறையில் இவை மெய்க்கு முன்னால் தட்டச்சு செய்யப்பட்டவை. ஒருங்குறியில் மெய்க்குப் பின்னால் சேமிக்கப்படுபவை. மாற்றி இவற்றை இடம் மாற்றும்போது நடுவில் ஓர் இடைவெளியோ வரி முறிவோ இருந்தால், குறி தனியே பிரிந்து புள்ளி வட்டத்தோடு நிற்கும். அந்தப் புள்ளி வட்டங்களைத் தேடித் திருத்த வேண்டும்.

மூன்றாவது, ஔகாரம். பல பழைய எழுத்துருக்களில் ஔகாரக் குறியின் வலப்பகுதிக்குத் தனி விசை இல்லாததால் ‘ள’ எழுத்தையே பயன்படுத்தினார்கள். ஆகவே ‘மௌனம்’ என்பது ‘மெளனம்’ என்றும், ‘கௌரவம்’ என்பது ‘கெளரவம்’ என்றும் வந்து நிற்கும். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். ஆனால் தேடும்போது ஒன்று அகப்படும், மற்றது அகப்படாது. இதைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் ‘அனைத்தையும் மாற்று’ என்ற பொத்தானை அழுத்துபவர்கள்தான் மிகுதி. அப்படிச் செய்தால் ‘வெள்ளம்’, ‘தெளிவு’, ‘வெளியே’ எல்லாம் சேர்ந்து உடைந்துவிடும். மௌனம், கௌரவம், பௌர்ணமி, சௌக்கியம் என்று ஒவ்வொரு சொல்லாகத் தேடித் திருத்துவதே பாதுகாப்பானது.

‘ர’வும் துணைக்காலும் இடம் மாறியிருப்பதையும், ‘எ’ என்ற எழுத்துக்குப் பதில் அதே உருவமுள்ள தமிழ் எண் ஏழு வந்திருப்பதையும் பார்க்க வேண்டும். இவ்வகைப் பிழைகள் அச்சில் யாருக்கும் தெரிந்திருக்காது. மின்னூலிலோ, அகராதியில் பொருள் பார்க்கச் சொல்லைத் தொடும் வாசகருக்கு அவை உடனே தெரிந்துவிடும்.

கோப்பே இல்லை, அச்சு நூல் மட்டும்தான் இருக்கிறது என்றால், பக்கங்களை நேராகவும் நிழல் விழாமலும் ஒளிவருடி, கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸ் கொண்டு திறந்தால் எழுத்துகளைப் பிரித்தெடுத்துத் தரும். பழுப்பேறிய தாளாக இருந்தால் மூலத்தோடு ஒவ்வொரு வரியாக ஒப்பிட வேண்டும். அதற்குப் பதில் ஒருவரை வைத்துப் புதிதாகத் தட்டச்சு செய்துவிடுவது பல நேரங்களில் விரைவாக முடியும்.

4. கைப்பேசித் திரையில் மெய்ப்புப் பார்த்தல்

கணினியில் பார்த்த மெய்ப்பு போதாது. வாசகர்களில் பெரும்பாலோர் கைப்பேசியில் படிக்கப்போகிறார்கள் என்பதால், திருத்திய கோப்பைக் கைப்பேசியில் ஒருமுறை முழுவதும் படிக்க வேண்டும். அச்சில் அரைப் பக்கமாக இருந்த பத்தி, கைப்பேசியில் இரண்டு திரைகளை அடைத்துக்கொண்டு நிற்பது அப்போதுதான் தெரியும். அதற்காகப் பத்திகளைத் துண்டு துண்டாக வெட்ட வேண்டாம்; உரையாடல்கள் பத்திக்குள் புதைந்திருக்கும் இடங்களில் மட்டும் பிரித்தால் போதும்.

எழுதியவரே மெய்ப்புப் பார்த்தால், எழுத நினைத்ததைத்தான் கண் படிக்குமே தவிர எழுதியிருப்பதைப் படிக்காது. கதையை முன்பு படிக்காத ஒருவரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்வது நல்லது.

5. நூலை அடுக்குதல்

வேர்டு அல்லது லிப்ரே ஆபீஸ் கோப்பில் ஒவ்வொரு கதைத் தலைப்புக்கும் ‘தலைப்பு 1’ என்ற பாணியைக் கொடுக்க வேண்டும். எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கினால் பார்வைக்குத் தலைப்பாகத் தெரியுமே தவிர, செயலி அதைத் தலைப்பாக எடுத்துக்கொள்ளாது. பொருளடக்கத்திலிருந்து கதைக்குத் தாவும் வசதியும் வராது. பக்க எண்களை நீக்கிவிடவும். எழுத்தின் அளவை வாசகர் மாற்றிக்கொள்ளும் நூலில் பக்க எண்ணுக்குப் பொருளில்லை. வரிகளை இருபுறமும் சமப்படுத்த வேண்டாம். தமிழின் நீண்ட சொற்கள் சிறிய திரையில் அடுத்த வரிக்குப் போகும்போது, மேல்வரியில் பெரிய இடைவெளிகள் விழும்.

பி.டி.எஃப். கோப்பை அப்படியே ஏற்றிவிடலாம் என்ற எண்ணத்தை இங்கேயே கைவிடவும். அதன் பக்க அளவு மாறாது என்பதால், கைப்பேசியில் வாசகர் ஒவ்வொரு வரியையும் விரலால் நகர்த்திப் படிக்க நேரும். வேர்டு கோப்பாகவோ, இபப் (EPUB) எனப்படும் மின்னூல் கோப்பாகவோ ஏற்றுவதே முறை. ஏற்றுவதற்கு முன் கிண்டில் பிரிவியூவர் என்ற இலவச மென்பொருளில் திறந்து, கைப்பேசி அளவில் ஒவ்வொரு கதையின் முதல் திரையையும் பார்க்கவும்.

நம் நூல்களுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. வாழ்த்துரை, இரண்டு அணிந்துரைகள், பதிப்புரை, என்னுரை, நன்றி, சமர்ப்பணம் என்று முதல் கதைக்கு முன்னால் ஒரு நீண்ட வரிசை நிற்கும். புத்தகக் கடையில் வாசகர் நடுப்பக்கத்தைப் புரட்டிக்கொள்வார். மின்னூல் கடையில் அவருக்கு இலவசமாகக் கிடைப்பது நூலின் தொடக்கத்திலிருந்து ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு மட்டுமே. நூறு பக்கத் தொகுப்பென்றால், அந்தப் பத்துப் பக்கங்களையும் பெரியவர்களின் பாராட்டு எடுத்துக்கொண்டுவிடும். வாசகர் ஒரு வரி கதைகூடப் படிக்காமல் வெளியேறுவார். ஆகவே சமர்ப்பணமும் பொருளடக்கமும் மட்டும் முன்னால் இருக்கட்டும்; மற்ற அனைத்தும் நூலின் இறுதிக்குப் போகட்டும். அணிந்துரை எழுதியவரிடம் காரணத்தைச் சொல்லிவிட்டால் வருத்தம் வராது. தொகுப்பின் மிகச் சிறந்த கதையை முதலில் வைக்க வேண்டியதற்கும் காரணம் இதுவே.

6. கணக்கும் வரிப் படிவமும்

கே.டி.பி. ஒருவருக்கு ஒரு கணக்கையே அனுமதிக்கிறது. புனைபெயரில் எழுதுபவர்கள் கணக்கையும் புனைபெயரில் தொடங்கிவிட்டு, வங்கி விவரம் கொடுக்கும்போது மாட்டிக்கொள்கிறார்கள். கணக்கு பான் அட்டையில் உள்ள பெயரில் இருக்க வேண்டும். புனைபெயர் நூலின் ஆசிரியர் பெயருக்கான இடத்தில் மட்டும் வர வேண்டும். அந்தப் பெயரின் எழுத்துக்கூட்டலை முதல் நூலிலேயே முடிவுசெய்துவிடவும். ஒரு நூலில் முதலெழுத்துக்குப் பின் புள்ளி, அடுத்த நூலில் புள்ளி இல்லை என்றால், கடை இரண்டு எழுத்தாளர்களாகக் காட்டக்கூடும்.

வரி பற்றிய கேள்விகளைக் கண்டு பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். அமெரிக்காவில் கிடைக்கும் வருமானத்துக்கு அங்கே 30% வரி பிடிக்கப்படும். இந்தியக் குடியிருப்பாளர் தம் பான் எண்ணைக் கொடுத்து, இரு நாட்டு வரி ஒப்பந்தத்தின் பலனைக் கோரினால் இது 15% ஆகக் குறையும். பான் எண்ணைக் கேட்கும் இடத்தை வெறுமையாக விடாதிருப்பதே இங்கு முக்கியம்.

நூல்களுக்கான சர்வதேச அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். கிண்டில் மின்னூலுக்குக் கட்டாயமில்லை. வேண்டுமென்றால், மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகவே வழங்குகிறது; அதற்காக யாருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

7. கே.டி.பி. செலக்ட் திட்டத்தில் சேர்வதா, வேண்டாமா?

கே.டி.பி. செலக்ட் என்ற திட்டத்தில் சேர்ந்தால், கிண்டில் அன்லிமிட்டெட் என்ற சந்தா சேவையின் சந்தாதாரர்கள் நூலைப் படிக்கலாம். அவர்கள் படித்த பக்கங்களின் அளவுக்கேற்ப எழுத்தாளருக்குப் பணம் வரும். இந்தியாவில் நடக்கும் விற்பனைக்கு 70% உரிமைத்தொகை பெறவும் இத்திட்டத்தில் இருப்பது நிபந்தனை. இல்லாவிட்டால் 35% தான். புதிய எழுத்தாளருக்குச் சேர்வதே லாபம் என்பது என் கருத்து. ஒரு பெயரை முதன்முறை கேள்விப்படும் வாசகர், காசு கொடுத்து வாங்கத் தயங்கினாலும் சந்தாவில் எடுத்துப் பார்க்கத் தயங்கமாட்டார்.

இதற்கு ஈடாக, ஒவ்வொரு 90 நாள் காலத்திலும் அந்த நூலின் மின்வடிவம் வேறெங்கும் கிடைக்கக் கூடாது. விற்பனைக்கு மட்டுமல்ல, இலவசமாகவும் கிடைக்கக் கூடாது. மாதிரிக்காக 10% வரை வெளியிடலாம். அச்சு நூலுக்குத் தடையில்லை. முதல் படியில் எழுதிய பட்டியலின் கடைசி விவரம் இங்குதான் பயன்படுகிறது. பிரதிலிபியில் தொடராக எழுதியது, முகநூலில் முழுக்கதையாக இட்டது, நண்பரின் இணைய இதழில் வந்தது ஆகிய எல்லாவற்றையும் நீக்கிய பிறகே திட்டத்தில் சேரவும். நண்பரின் இதழிலிருந்து கதையை எடுக்க இயலாது என்றால், அந்தக் கதையைத் தொகுப்பிலிருந்து விட்டுவிடுங்கள், அல்லது திட்டத்தை விட்டுவிடுங்கள்.

8. விற்பனைப் பக்கம்

விளம்பரம் எவ்வளவு செய்தாலும் வாசகர் வந்து நிற்பது இந்த ஒரு பக்கத்தில்தான். அட்டைப்படத்துக்கு 2560 படப்புள்ளி உயரமும் 1600 அகலமும் பரிந்துரைக்கப்படுகின்றன. ஆனால் வாசகர் அதை முதலில் பார்ப்பது கட்டைவிரல் நக அளவில். படத்தை அந்த அளவுக்குச் சுருக்கி, தலைப்பைப் படிக்க முடிகிறதா என்று பார்க்கவும். செயற்கை நுண்ணறிவுக் கருவியால் உருவாக்கிய அட்டையானால், பதிவேற்றும்போது கேட்கப்படும் கேள்விக்கு அதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நூலின் மொழி ‘தமிழ்’ என்று தேர்ந்தெடுத்திருப்பதைச் சரிபார்க்கவும். தேடல் சொற்களுக்கு ஏழு இடங்கள் தரப்படுகின்றன. தமிழ் வாசகர்களில் பலர் ஆங்கில எழுத்துகளிலேயே தேடுகிறார்கள் என்பதால், தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதினால் எப்படியிருக்குமோ அந்த வடிவங்களையும் சில இடங்களில் கொடுக்கவும். நூலின் தலைப்பையே அங்கு திரும்ப எழுதி இடத்தை வீணாக்க வேண்டாம். களம், தொழில், ஊர், கதையின் வகை ஆகியவையே பயன்படும்.

நூல் விளக்கத்தில் பெரும்பாலோர் எழுதுவது இப்படி இருக்கும்: ‘மனித மனங்களின் ஆழங்களைத் தொட்டுச் செல்லும் பன்னிரண்டு சிறுகதைகளின் தொகுப்பு.’ இதை எந்தத் தொகுப்புக்கும் ஒட்டிவிடலாம். ‘விசைத்தறிக் கூடத்தில் இரவு வேலை பார்க்கும் செல்வி, முதலாளி நீட்டிய வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட மறுக்கிறாள்’ என்று தொடங்கினால், அது இந்த நூலுக்கு மட்டுமே உரியது. கைப்பேசியில் விளக்கத்தின் முதல் சில வரிகள் மட்டுமே விரியாமல் தெரியும். வாசகர் முடிவெடுப்பதும் அவற்றை வைத்துத்தான்.

9. அறிவிப்பும் அறிமுகமும்

பதிவேற்றிய நூல் கடைக்கு வர 72 மணி நேரம் வரை ஆகலாம். பக்கம் கண்ணில் படும் வரை அறிவிப்பு வேண்டாம். வந்ததும் உங்கள் கைப்பேசியிலேயே மாதிரியைத் திறந்து படித்துவிட்டு, அதன் பிறகு இணைப்பைப் பகிரவும். நகலெடுத்த இணைப்பில், நூலின் பத்து எழுத்துக் குறியீட்டுக்குப் பின்னால் வரும் நீண்ட வாலை வெட்டிவிடலாம். இந்தியக் கடைக்கு ஒன்று, அமெரிக்கக் கடைக்கு ஒன்று என இரண்டு இணைப்புகளைக் கொடுக்கவும். நியூயார்க்கிலிருக்கும் வாசகருக்கு இந்தியக் கடையின் இணைப்பு மட்டும் போனால், வாங்க இயலாது என்று வரும். அவர் மறுபடி தேடமாட்டார். கிண்டில் செயலிக்குள் வாங்கும் வசதி எல்லாக் கைப்பேசிகளிலும் இல்லை. இணையதளத்தில் வாங்கி, அதே கணக்கில் செயலியைத் திறக்கச் சொல்லி ஒரு வரி சேர்த்தால், ‘வாங்கிவிட்டேன், எங்கே இருக்கிறது?’ என்ற கேள்விகள் குறையும்.

வாட்ஸ்அப் குழுக்களில் இணைப்பை மட்டும் வீசிவிட்டுப் போவது, திருமணப் பத்திரிகையைத் தெருவில் போவோர் வருவோரிடமெல்லாம் நீட்டுவது போன்றது. தனித்தனியே ஐம்பது பேருக்கு, அவர்களுக்கு ஏன் அனுப்புகிறோம் என்ற காரணத்தோடு எழுதினால் பலன் அதிகம்: ‘அண்ணா, நீங்கள் தறி ஓட்டிய காலத்தைப் பற்றிச் சொன்னது இரண்டாவது கதையில் வந்திருக்கிறது.’ வாட்ஸ்அப்பின் ஒலிபரப்புப் பட்டியல் (பிராட்காஸ்ட்) வழியாக அனுப்பும் செய்தி, உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போய்ச்சேரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

முகநூலில் அட்டையைப் போட்டு ‘ஆதரவு தாருங்கள்’ என்று கேட்பதைவிட, கதையிலிருந்து தனித்து நிற்கக்கூடிய ஒரு பத்தியை இடுவது மேல். இப்படி இடுபவை மொத்தம் நூலின் 10 விழுக்காட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளவும். இன்ஸ்டாகிராம் பதிவின் கீழ் எழுதும் இணைப்பை அழுத்த முடியாது. அதைச் சுயவிவரப் பகுதியில் வைக்க வேண்டும். இரவு 8 மணிக்கு இங்கே இடும் பதிவு சிங்கப்பூரில் இரவு 10.30-க்கும், குளிர்காலத்தில் டொரன்டோவில் காலை 9.30-க்கும் தெரியும், புலம்பெயர்ந்த வாசகர்களை எதிர்பார்ப்பவர்களுக்கு அந்த நேரம் தோதானது. எல்லாத் தளங்களிலும் இருக்க வேண்டும் என்பதில்லை. தொடர்ந்து எழுத முடிகிற இரண்டு போதும். ஐந்து பதிவுகளில் நான்கு, பிறர் நூலைப் பற்றியோ கதை நடக்கும் ஊரைப் பற்றியோ இருந்தால், ஐந்தாவதாகத் தம் நூலைப் பற்றி எழுதுவதை யாரும் தொல்லையாக நினைக்கமாட்டார்கள்.

விமர்சனம் கேட்பதில் எச்சரிக்கை தேவை. குடும்பத்தாரும் நெருங்கிய நண்பர்களும் மதிப்புரை இடுவதையும், ‘நீ எனக்கு, நான் உனக்கு’ என்ற பரிமாற்றத்தையும் அமேசான் ஏற்பதில்லை, கண்டுபிடித்தால் நீக்கிவிடும். நூலின் கடைசிப் பக்கத்தில், படித்து முடித்தவர் கருத்தைப் பதிவுசெய்யலாம் என்று இரண்டு வரி எழுதி வைப்பது முறையான வழி. அடுத்த நூல் இருந்தால் அதன் இணைப்பும் அங்கேயே இருக்கட்டும்.

10. தொண்ணூறு நாள் முடிவதற்குள்

திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு ஒவ்வொரு 90 நாள் காலத்திலும் 5 நாள் வரை நூலை இலவசமாகக் கொடுக்கும் வசதி உண்டு. அதை வெளியான முதல் வாரத்தில் செலவழிக்கக் கூடாது. வாங்கவிருந்த நண்பர்களே இலவசமாக எடுத்துக்கொள்வார்கள். மதிப்புரைகள் சில வந்த பிறகு, சனி ஞாயிறோடு ஒட்டி இரண்டு நாள், பிறகு மூன்று நாள் என்று பிரித்துக்கொள்ளலாம்.

உரிமைத்தொகை, மாதம் முடிந்து ஏறக்குறைய 60 நாள் கழித்தே வங்கிக்கு வரும். அதற்கு முன் கணக்கில் பணம் இல்லையே என்று பதற வேண்டாம். இடையில் அறிக்கைப் பக்கத்தில், விற்ற பிரதிகளையும் சந்தாவில் படிக்கப்பட்ட பக்கங்களையும் தனித்தனியே பார்க்கவும். படிக்கப்பட்ட பக்கங்கள் மிகக் குறைவாக இருந்தால் முதல் கதையை மாற்றிப் பார்க்கலாம். பிரதியும் விற்கவில்லை, பக்கமும் படிக்கப்படவில்லை என்றால் அட்டையையும் விளக்கத்தையும் மாற்ற வேண்டும். வாசகர் சுட்டிக்காட்டிய பிழைகளைத் திருத்திய கோப்பையும் இதே சமயத்தில் ஏற்றிவிடலாம்.

திட்டம் தானாகவே புதுப்பிக்கப்படும்படி அமைந்திருக்கும். வேறு தளங்களுக்கும் நூலைக் கொண்டுபோக நினைப்பவர், காலம் முடிவதற்குச் சில நாள்கள் முன்பே கே.டி.பி. கணக்கில் தானியங்கிப் புதுப்பித்தலை நிறுத்திவிட்டு, முடிவுத் தேதி கடந்த பிறகே மற்ற தளத்தில் ஏற்ற வேண்டும்.